கோழித் தொட்டியில் கரையும் கடைசி மருந்து

அனுப்புநர்:
நா. மனோரமா,
க/பெ. நாகேந்திரன்,
கிணற்றடித் தெரு,
எருக்கம்பள்ளி கிராமம்,
ஆம்பூர் வழி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: எருக்கம்பள்ளி கிராமம் – கோழிப் பண்ணையில் மனித உயிர் காக்கும் மருந்து குஞ்சுகளின் குடிநீரில் கலக்கப்பட்டது – மருந்துக்கு அடங்காத கிருமிகள் எருமேட்டிலும் பொதுக்கிணற்றிலும் காணப்படுவது – எருமேட்டை அகற்றவும், மருந்தைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருவது தொடர்பாக. (இது தோல் தொழிற்சாலை பற்றிய மனு அன்று.)

பார்வை:
1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஜூன் மாதம் நான் கொடுத்த மனு.
2. அதற்கு வந்த பதில்: 'குரோமியம் இல்லை.'
3. ஆகஸ்ட் மாதம் நான் கொடுத்த நினைவூட்டல் மனு.
4. அதற்கு வந்த பதில்: பார்வை 2-ஐக் காண்க.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். பொருள் வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் உள்ளதை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே செல்லும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து தண்ணீர் என்ற சொல்லோடு ஒரு மனு வந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே அதைத் தோல் தொழிற்சாலைக் கட்டில் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். என்னுடைய இரண்டு மனுக்களும் அந்தக் கட்டுக்குள்தான் போயின. மூன்றாவதும் அங்கே போனால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நான் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தையல் முடிந்து வரும் ஜோடிகளைப் பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் திருப்பி அனுப்புவது என் வேலை. அங்கே எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அந்தக் குணம் இந்த மனுவில் எங்காவது தலைகாட்டினால் பொறுத்தருள வேண்டும். ஆறு மாதமாக அடக்கித்தான் வைத்திருக்கிறேன்.

3. என் கணவர் நாகேந்திரன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலைப் பதனிடும் டிரம் பிரிவில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பி சின்னசாமி. அண்ணன் தம்பிக்கு இன்னும் பாகம் பிரியாத நிலத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே, கறிக்கோழிக் கொட்டகை இருக்கிறது. இருவரும் சேர்ந்து கட்டியது. நடத்துபவர் சின்னசாமி. ஒரு கோழி நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கும். கோழி வளர்ந்ததும் அவர்களே ஏற்றிக்கொண்டு போவார்கள். இடையில் வளர்த்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. எந்தத் தீவனம், எந்த மருந்து, எவ்வளவு என்பதில் அவர் வாய் திறக்க முடியாது. திறந்தால் அடுத்த பேட்ச் குஞ்சு வராது. எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படி நடத்துபவர்கள் பலர்.

4. கோழிகள் போனதும் தரையில் பரப்பியிருந்த உமியையும் எச்சத்தையும் அள்ளிக் கொட்டகையைக் காலி செய்வார்கள். அந்த எருவைக் குவித்து வைத்து, லாரிக்காரர்கள் வரும்போது ஏற்றி அனுப்புவார்கள். எங்கள் ஊரில் லாரி நிற்க வசதியான இடம் பொதுக்கிணற்றின் அருகில்தான். ஆகவே எருமேடும் அங்கேதான். ஊரில் யாருக்கும் இது தவறாகத் தோன்றவில்லை. எருவைக் குப்பை என்று யாரும் நினைப்பதில்லை. நிலத்துக்குப் போகும் பொருளாயிற்றே என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

5. கடந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தம்பிக்கு ஒத்தாசையாக எரு அள்ளப் போனார். ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார். மண்வெட்டி இடது பாதத்தில் பட்டு விரல்களுக்கு மேலே வெட்டுக்காயம். "இன்னாடி, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? மஞ்சா வெச்சா ஆறிப்பூடும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாளில் பாதம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

6. அங்கே அவரிடம் எங்கே வேலை என்று கேட்டார்கள். சொன்னார். தோல் தொழிற்சாலைப் புண் என்று சீட்டில் எழுதினார்கள். எங்கே அடிபட்டது என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கே தோன்றவில்லை. ஐயா, இந்த வட்டாரத்தில் கால் புண்ணானால், தோல் அரித்தால், கிணறு நாறினால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் பல நேரம் சரியாகவும் இருந்திருக்கிறது. அதனாலேயே வேறு கேள்வி கேட்கும் பழக்கம் எங்களை விட்டுப் போய்விட்டது. ரசாயனப் புண் என்று களிம்பும், ஒரு வகை மாத்திரையும், பிறகு வேறொரு வகை மாத்திரையும், அப்புறம் ஊசியும் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கால் கருத்தது.

7. வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். புண்ணிலிருந்து சீழ் எடுத்துக் கிருமிச் சோதனை செய்தார்கள். அதன் பிறகு டாக்டர் தேவிகா என்பவர் என்னை அழைத்து, "வீட்ல ஆடு, மாடு, கோழி ஏதாவது வளக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் எதற்கும் இந்தக் கிருமி அடங்கவில்லை என்றும், கால்நடைகளுக்குத் தேவையில்லாமல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பலவீனமான கிருமிகள் செத்து, தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மட்டும் பெருகும் என்றும் சொன்னார். எச்சத்தில் வெளியே வரும், எருவில் கிடக்கும், மழையில் கிணற்றுக்குப் போகும், ஈயின் காலில் ஒட்டிச் சமையலறைக்கு வரும் என்றார். "கிருமிக்குக் கோழி, மாடு, மனுஷன்னு வித்தியாசம் தெரியாதும்மா" என்றும் சொன்னார்.

8. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்கு மேலும் பரவாமல் நின்றது ஒரே ஒரு மருந்தால்தான். அதன் பெயர் கொலிஸ்டின். அது எல்லோருக்கும் கொடுக்கும் மருந்தில்லை. வேறு எதுவும் வேலை செய்யாதபோதுதான் எடுப்பார்களாம். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெரிய டாக்டர் அனுமதித்தால்தான் அந்த மருந்து வார்டுக்கு வரும். நர்ஸ் அதைக் கொண்டுவரும்போது கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல நான் எழுந்து நிற்பேன். "இப்போதைக்கு இந்த ஒண்ணுக்கு அடங்குது. இதுக்கும் பழகிட்டா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

9. சின்னசாமி அந்த நாட்களில் ஒரு வேளை தவறாமல் வந்து வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். அண்ணனுக்குத் தெம்பு வேண்டும் என்று தன் பண்ணைக் கோழியையே அடித்து சூப் வைத்துத் தூக்குச் சட்டியில் எடுத்து வருவார். நன்றாக வேகவைத்ததில் பயமில்லை, பச்சையாகக் கையாளும்போதுதான் கவனம் வேண்டும் என்று டாக்டரே சொன்னதால் அதைக் கொடுத்தோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கொழுந்தன் மீது அண்ணிக்கு ஏதோ பங்காளிப் பகை, அதனால் மனு போடுகிறாள் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் என் காதுபடவே பேசினார்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

10. மருத்துவமனையிலிருந்து துணி எடுக்க ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். கொட்டகையில் புதுக்குஞ்சு இறக்கியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் அடியில் வெள்ளி நிறப் பொட்டலங்கள் கிழிந்து கிடந்தன. பெருக்கித் தள்ளலாம் என்று எடுத்தேன். ஐயா, நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். ஆங்கிலம் சரளமாக வராது. ஆனால் அந்த ஒரு பெயரை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். வார்டில் ஊசிக் குப்பியில் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதே பெயர் அந்தப் பொட்டலத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. பெரிய டாக்டரின் அனுமதி இல்லாமல் என் கணவரின் உடம்பில் ஒரு சொட்டு ஏறாத மருந்தை, எங்கள் கொல்லையில் அகப்பையால் அள்ளித் தொட்டியில் போட்டுக் குச்சியால் கலக்கியிருக்கிறார்கள். நோய் வந்த குஞ்சுகளுக்குக்கூட இல்லை. வந்து இறங்கிய எல்லாக் குஞ்சுகளுக்கும்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை மனுவில் எழுதத் தகுந்த சொற்கள் என்னிடம் இல்லை.

11. சின்னசாமியைக் கேட்டேன். அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கௌதம் என்பவர் பைக்கில் வந்து கொடுப்பதாகச் சொன்னார். அடுத்த முறை கௌதம் வந்தபோது நானே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "இது மருந்தே இல்லக்கா. டானிக் மாதிரி. குஞ்சு ஜாஸ்தி சாவாம இருக்கும், வெயிட்டு ஏறும். எல்லாப் பண்ணைக்கும் குடுக்கறதுதான். நீங்க பேஜார் ஆவாதீங்க." உணவுக்காக வளர்க்கும் கோழிக்கும் கால்நடைக்கும் இந்த மருந்தை விற்கவே கூடாது என்று மத்திய அரசு 2019-ஆம் ஆண்டிலேயே தடை செய்திருப்பதாக டாக்டர் தேவிகா சொன்னதை அவரிடம் சொன்னேன். பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு பெயர் இல்லாத வெறும் வெள்ளைப் பொட்டலங்கள் வரத் தொடங்கின.

12. மே மாதத்தில் டாக்டரின் மாணவி நிஷா என்பவர் தன் ஆய்வுப் படிப்புக்காக எங்கள் ஊருக்கு வந்து எருமேட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்றார். கிணற்று நீரில் என் கணவரின் புண்ணில் இருந்த அதே வகைக் கிருமி இருந்தது. அது மற்ற மருந்துகளுக்கு அடங்கவில்லை. கொலிஸ்டினுக்கு மட்டும் அடங்கியது. எருமேட்டில் இருந்தவற்றில் சில கொலிஸ்டினுக்கும் அடங்கவில்லை. அந்த மேட்டிலிருந்துதான் என் கணவருக்கு வந்தது என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று நிஷா எச்சரித்தார். அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். எனக்கு அறுதியிட்டுத் தெரிந்தது ஒன்றுதான். டாக்டர் எதற்குப் பயந்தாரோ அது எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. மழைக்காலம் வந்துவிட்டது.

13. எங்கள் வீட்டோடு இது முடியவில்லை. அடுத்த தெரு சுந்தரி இந்த எருவைப் போட்ட நிலத்தில்தான் மாட்டுக்குத் தீவனப்புல் அறுக்கிறார். அவருடைய பசுவுக்கு மடி வீங்கி, ஊசிமேல் ஊசி போட்டும் குணமாகவில்லை. "பாலுக்கு உறை ஊத்துனா உறையவே மாட்டேங்குது அக்கா, தண்ணியாவே நிக்குது" என்று சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பாலில் இறங்கிய மருந்து தயிராக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடுகிறது என்று கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னர் விளக்கினார். மடியில் இருக்கும் கெட்ட கிருமிகள் மட்டும் சாகவில்லை. பால் சங்கத்தில் அந்தப் பாலை எடுக்கவில்லை. கீழே கொட்ட மனமில்லாமல் சுந்தரி அதை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார். ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாள் யாரும் குடிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

14. இனி அலுவலகங்கள். முதல் மனுவை வாங்கிய எழுத்தர் என் கணவரின் வேலையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, டேனரி கேஸா? அது பக்கத்து ஜில்லாவாச்சே" என்று அங்கே அனுப்பிவிட்டார். கோழிப் பண்ணை இந்த மாவட்டத்தில், எங்கள் ஊரில் இருக்கிறது என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து மூன்று பேர் கண்ணாடிப் புட்டிகளோடு ஊருக்கு வந்து, தொழிற்சாலையின் கழிவுக் கால்வாய் எது என்று விசாரித்தார்கள். எங்கள் ஊரில் தொழிற்சாலையே கிடையாது. அதில் அவர்களுக்கு வருத்தம் என்று தோன்றியது. எருமேட்டின்மேல் ஏறி நின்று, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, கிணற்றில் நீர் எடுத்தார்கள். மேட்டிலும் கொஞ்சம் எடுங்கள் ஐயா என்று கெஞ்சினேன். அது தங்கள் வேலையில் வராது என்றார்கள். 'குரோமியம் இல்லை. உப்பு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. குரோமியம் தோல் பதனிடும் ரசாயனம். நான் திருப்பி அனுப்பிய இடது கால் செருப்புக்குப் பதிலாக, பளபளவென்று மெருகேற்றிய வலது கால் செருப்பு வந்ததுபோல இருந்தது அந்தப் பதில்.

15. கால்நடை அலுவலகம் ஒன்றில், கோழிக்கு நோய் என்றால் வருகிறோம், மனிதருக்கு நோய் என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். கோழிக்கு நோயே இல்லாமல் மருந்து கொடுப்பதுதான் புகார் என்றேன். அப்படியென்றால் கோழி நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் ஒருவர், "கடையில வித்தா புடிக்கலாம். பைக்குல கொண்டாந்து குடுத்தா நாங்க இன்னாம்மா பண்றது?" என்று என்னையே கேட்டார். சுகாதாரத் துறையில் கிணற்றில் குளோரின் போடச் சொல்கிறோம் என்றார்கள். ஒரு தடவை போட்டார்கள். எருமேடு அப்படியே இருக்கும்போது எத்தனை தடவை போடுவது என்று கேட்டதற்கு அது பஞ்சாயத்து வேலை என்றார்கள். பஞ்சாயத்தில், எரு தனியார் சொத்து என்றார்கள். கோழி ஒருவருக்கு, எரு ஒருவருக்கு, கிணறு ஒருவருக்கு, மருந்து ஒருவருக்கு, மனிதன் ஒருவருக்கு என்று பாகம் பிரித்துக் கொண்டுவிட்டார்கள். கிருமி மட்டும் பாகம் பிரியாமல் எல்லா இடத்துக்கும் போய்வருகிறது.

16. இதில் ஒரு கூத்தும் நடந்தது. என் மனுவைக் காரணம் காட்டி, என் கணவர் வேலை செய்த தோல் தொழிற்சாலைக்கு நோட்டீசு போயிருக்கிறது. அதன் மேலாளர் மக்பூல் அகமது எனக்கு போன் செய்து, "மனோரமாம்மா, எங்க பேர்ல சொல்றதுக்கு நூறு குத்தம் இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா கோழிக்கு நான் எங்கம்மா மருந்து குடுத்தேன்?" என்று கேட்டார். என் கணவர் படுத்திருந்தபோது வேலைக்காரர்களை அனுப்பி நலம் விசாரித்த மனிதர் அவர். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

17. இப்போதைய நிலை. புண் முழுதாக மூடவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டும் அறுவை சிகிச்சைக்கு டிசம்பர் மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். புண் முழுதாக ஆறும்வரை அந்த எருமேட்டுக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் அவரை வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுபடியும் தொற்று வந்து, அது மேட்டில் இருக்கும் வகையாக இருந்தால், கொடுக்க மருந்து இல்லை என்று மே மாதச் சோதனை முடிவைப் பார்த்த பிறகு சொன்னார். ஆகையால் ஏப்ரல் மாதம் மருத்துவமனையை விட்டு வந்ததிலிருந்து என் கணவர் வாலாஜாபேட்டையில் தன் தங்கை சங்கீதா வீட்டில் இருக்கிறார். சொந்த வீடு இருந்தும் இன்னொருவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டிலில். எனக்கு வேலை ஆம்பூரில். மகள் ஹரிணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். திரும்பும்போதெல்லாம் மகளிடம் "மேட்ட எடுத்துட்டாங்களா?" என்று கேட்கிறார். வேறு எதையும் கேட்பதில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். காய்ச்சித்தான் குடிக்கிறோம். ஈயையும் புழுதியையும் எப்படிக் காய்ச்சுவது?

18. ஆகவே நான் கேட்பது:

அ. எருமேட்டை மழை இன்னும் வலுக்கும் முன் அகற்ற வேண்டும். அகற்றுவது என்றால் அடுத்த ஊர்க் கிணற்றடியில் கொட்டுவது அன்று. மூடி மக்கவைத்து, அதன் பிறகே நிலத்துக்குப் போக வேண்டும். அதுவரை ஊருக்குக் குடிநீர் வேறு வழியில் வர வேண்டும்.

ஆ. எருவையும் கிணற்றையும் கொட்டகையிலிருந்து வரும் கழுவுநீரையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்காகச் சோதிக்க வேண்டும். குரோமியத்துக்காக அன்று. குரோமியம் இல்லை என்று ஏற்கெனவே தெரிந்துகொண்டோம், நன்றி.

இ. அந்தப் பொட்டலங்கள் எங்கே தயாராகின்றன, யார் வாங்குகிறார்கள், எத்தனை பண்ணைகளுக்குப் போகின்றன என்று விசாரித்து, மேலே இருப்பவர்களிடமிருந்து நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் மூடிய உறையில் இணைத்துள்ளேன்.

ஈ. கால்நடை மருத்துவர் பார்த்து, நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மட்டுமே மருந்து என்பதை எங்கள் வட்டாரப் பண்ணைகளில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். கொட்டகைக்குக் காற்றோட்டம், சுத்தம், தடுப்பூசி ஆகியவை இருந்தால் குஞ்சுகள் மருந்தில்லாமலேயே பிழைக்கும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். அதை வளர்ப்பவர்களுக்கு யாராவது நேரில் வந்து சொல்லித்தர வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து.

உ. நிறுவனம் கொடுக்கும் பொட்டலத்தை வேண்டாம் என்று சொல்லும் வளர்ப்பாளர்களுக்குக் குஞ்சு கொடுப்பதை நிறுத்திப் பழிவாங்காமல் பாதுகாப்பு வேண்டும்.

19. கடைசிக் கோரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சின்னசாமி மீது வழக்கு எழுதி, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது, மனு முடித்து வைக்கப்படுகிறது' என்று எனக்குப் பதில் அனுப்புவது மிகவும் சுலபம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் முதல் இரண்டு மனுக்களிலும் பண்ணை யாருடையது என்பதை எழுதாமல் விட்டேன். அது இல்லாததால்தான் அவை வேறு கட்டுக்குப் போயினவோ என்றும் இப்போது நினைக்கிறேன். இந்த முறை எழுதியே ஆக வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும், அவர் பெயரை அவருக்குத் தெரியாமல் கொடுப்பது முறையாகாது என்று நேற்று அவரை அழைத்து, மனு முழுவதையும் படித்துக் காட்டினேன்.

20. தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் மருந்தைக் கொண்டுவரும்போது நான் எழுந்து நிற்பேன் என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார், இனி இந்த வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது என்று நினைத்தேன். கொட்டகைப் பக்கம் போனவர் ஒரு சாக்குப்பையோடு திரும்பி வந்தார். அடுத்த பேட்சுக்காகக் கௌதம் கொடுத்துவிட்டுப் போன, பிரிக்காத பொட்டலங்கள் அத்தனையும் அதில் இருந்தன. "எந்தக் கையால கலக்கனனோ அந்தக் கையால கையெழுத்து போடறேன் அண்ணி. குஞ்சு வராட்டிப் போவுது. அண்ணன் வீட்டுக்கு வரட்டும்" என்று சொல்லிப் பேனாவைக் கேட்டார். இதனால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்டார். நான் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னேன். யோசிக்க ஒன்றுமில்லை என்றார்.

21. புகாருக்கு ஆளானவரே புகாரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஐயா. இதற்கு மேல் எங்கள் வீட்டிலிருந்து கொடுக்க வேறு சாட்சி இல்லை. இனி செய்ய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. டிசம்பருக்கு முன் அந்த மேடு போக வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து அவர் நேராக எருக்கம்பள்ளிக்கு, தன் வீட்டுக்கு வர வேண்டும். அதற்குத் தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கிறோம்.

இணைப்பு:
1. கிருமிச் சோதனை முடிவுகளின் நகல்.
2. கிணறு, எருமேடு, கொட்டகைப் புகைப்படங்கள்.
3. நிறுவனத்தின் பெயர், முகவரி (மூடிய உறையில்).
4. பெயருள்ள காலிப் பொட்டலம் ஒன்று. பெயரில்லாத பிரிக்காத பொட்டலங்கள், சாக்குப்பையில். தயவுசெய்து கையுறை இல்லாமல் தொட வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கட்டோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம்.

இடம்: எருக்கம்பள்ளி
நாள்: 17.11.2025

இப்படிக்கு,

1. (ஒப்பம்) நா. மனோரமா

2. (ஒப்பம்) சின்னசாமி,
நாகேந்திரனின் தம்பி,
பத்தி 3-இல் குறிப்பிட்ட பண்ணையை நடத்துபவர்,
பத்தி 10-இல் குறிப்பிட்ட மருந்தைக் கலக்கியவர்.